அடைவு மீட்கவில்லை, தவணைதான் நீண்டிருக்கிறது

தம்பி, நீ கனடா ஸ்காபரோவிலிருந்து கேட்டு அனுப்பியது இது: "மாமா, இலங்கை தப்பிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அமெரிக்க டொலரும் முந்நூறு ரூபா அளவில் அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் நான் அனுப்பும் காசு ஏன் அம்மம்மாவுக்கு முந்தி மாதிரிப் போதவில்லை? யாழ்ப்பாணம் ஏன் அனுரவுக்கு வோட்டுப் போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மாறியது? பக்கத்து வளவை இப்ப வாங்கிப் போடலாமா?"

மூன்றுக்கும் தனித்தனியாக இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவன் நான், கடைசி ஒன்பது வருடம் நகை அடைவுப் பகுதியில், நகையை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிற இடத்தில். ஆகவே நாட்டின் பொருளாதாரத்தை அடைவுத் துண்டை வைத்துத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். பேராசிரியர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள், அதையும் கேள்.

முதலில் விலை. பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னால், விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் பொருள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 94.9 வீதம். பிறகு 2024 செப்டெம்பரிலிருந்து 2025 யூலை வரை அந்தக் கணக்கு பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. ஆனால் மிகக் கூட இறங்கிய மாதத்திலும் அது 4.2 வீதம்தான். எழுபது படி ஏறினவன் நாலு படி இறங்கி நின்று மூச்சு வாங்கினான், பிறகு மெல்ல ஏறத் தொடங்கிவிட்டான். அம்மம்மாவின் பருப்பும் மாவும் நிற்பது அந்த மேல்படியில்.

சரி, நாடு தப்பியதா? அடைவுக்காரனின் மொழியில் சொல்கிறேன். நகையை இன்னும் மீட்கவில்லை. வட்டியில் கொஞ்சத்தைக் கட்டி, துண்டைப் புதுப்பித்து, தவணையை நீட்டி எழுதியிருக்கிறோம்.

2019 டிசெம்பரில் கோத்தாபய அரசு பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. வருமான வரியிலும் கை வைத்தது. அரசின் பெட்டியில் விழுகிற காசு அப்படியே சரிந்தது. கொரோனா வந்து உல்லாசப் பயணிகளை நிறுத்தியது. 2021 ஏப்ரலில் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், நவம்பரில் கையை விரித்துக்கொண்டு தடையை எடுத்தார்கள். அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தார்கள். யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் 48 மாதத் திட்டம் ஒன்றில் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டது. அந்த வாசலில் நாங்கள் போய் நிற்பது அது பதினேழாவது தடவை. பதினாறு தடவை அடைவு வைத்த வாடிக்கையாளரைக் கவுண்டரில் நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியும். நிதியத்துக்காரர்களும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

2024 யூனில் கடன் தந்த அரசாங்கங்களோடு ஒப்பந்தம். டிசெம்பரில் 1,255 கோடி டொலர்ப் பிணைமுறிகளை மாற்றி எழுதினார்கள். முறி வைத்திருந்தவர்கள் அசலில் 27 வீதத்தை விட்டுத்தந்தார்கள். ஆனால் ஒரு கொக்கி உண்டு. நாடு எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் சில முறிகளுக்குக் கூடக் கட்ட வேண்டும். "உன் பிள்ளைக்கு நல்ல வேலை கிடைத்தால் வட்டி கூட்டுவேன்" என்று எழுதி வாங்குகிற ஈடு மாதிரி.

இந்தப் புதுப்பித்தலுக்கான காசு யாருடைய பையிலிருந்து போனது என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை. பெறுமதிசேர் வரி 8 இலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமானது. கடையில் சவர்க்காரம் வாங்குகிற கூலிக்காரனும் அதே 18, கார்க்காரனும் அதே 18. ஊழியர் சேமலாப நிதியில் தனியார் துறைத் தொழிலாளி ஆயுளுக்கும் சேர்த்த காசு கிடக்கிறது அல்லவா, அந்த நிதி வைத்திருந்த அரச முறிகளுக்கு முதலில் சில வருடம் 12 வீத வட்டி, பிறகு 9 வீதம் என்று 2023இல் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்திய மாதங்களில் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி போய்க்கொண்டிருந்தது. வங்கிகளைத் தொடவில்லை. தொட்டால் வைப்பாளர்கள் பயந்து வரிசையில் நிற்பார்கள் என்ற நியாயம் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் நானும் வங்கிக்காரன், என் வைப்பும் தப்பியது. அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொன்னால் சரியாக இராது.

இனி உன் காசுக்கு வருவோம்.

ஆயிரம் கனேடிய டொலருக்கு 2022 பெப்ரவரியில் இங்கே ஏறத்தாழ ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபா கிடைத்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். அது மிதக்கவில்லை, கல்லைப் போல் தாழ்ந்தது. ஓகஸ்ட்டில் அதே ஆயிரம் டொலருக்கு இரண்டே முக்கால் இலட்சம். எழுபது வீதத்துக்கும் கொஞ்சம் மேலே ஏற்றம். விலைவாசி எவ்வளவு ஏறியது? அதே எழுபது. உன் அம்மம்மா வீட்டில் 2022இல் பெற்றோல் வரிசையும் காஸ் இல்லாத கரைச்சலும் இருந்தன. ஆனால் வயிற்றில் அடி விழவில்லை. சாமான் விலை ஏறிய அளவுக்கு நீ அனுப்பிய காசும் தானாகவே ஏறியது. நீ ஒரு டொலரும் கூட்டி அனுப்பவில்லை.

இப்போது ஆயிரம் டொலருக்கு இரண்டு இலட்சத்துச் சொச்சம்தான். ரூபா நிமிர்ந்தது, விலை இறங்கவில்லை. இடையில் இருக்கிற அந்த ஐம்பது அறுபதாயிரம்தான் அம்மம்மாவுக்குப் போதாமல் இருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் நீ கேட்காத இன்னொரு கணக்கு இதற்குள் இருக்கிறது. ரூபாவில் மட்டும் உழைக்கிறவனுக்கு 2022இல் எதுவும் தானாக ஏறவில்லை.

2022 ஓகஸ்ட்டில் ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மாதம்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. தீவகப் பக்கத்துப் பெண் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு சோடிக் காப்பைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். உரைகல்லில் உரைத்து, நிறுத்து, எவ்வளவு தேவை என்று கேட்டேன். "எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கிற அளவுக்குக் காணும் ஐயா" என்றார். மனிசன் சின்னப் படகுக்காரர். ஒரு நாள் கடலுக்குப் போய்வர இருபத்தைந்து லீற்றர். பழைய விலையில் 2,175 ரூபா, புது விலையில் 8,500 ரூபா. மீன் பட்டாலும் படாவிட்டாலும் 8,500. காப்பின் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது, தாயின் காப்பாக இருக்க வேண்டும். துண்டில் கையெழுத்து வைத்துவிட்டு, "ஒரு கிழமைக்குள்ள எடுத்துப்போடுவன்" என்றார். அடைவு வைக்கிற எல்லாரும் சொல்கிற வசனம் அது.

அவருக்குப் பின்னால் நின்றவர் மகன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய காசில் நகை மீட்க வந்தவர். யூரோ ஏறினபடியால் மூன்று துண்டையும் ஒன்றாகவே மீட்டார். சந்தோசத்தில் எனக்கு ஒரு ரொபியும் தந்தார். ஒரே நாள், ஒரே கவுண்டர், ஒரே ரூபா வீழ்ச்சி.

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழு வீட்டுக்கு வெளியிலிருந்து காசு வருகிறது, நாலு வீட்டுக்கு இல்லை. அந்த நாலில் ஒன்று முன்பள்ளி ஆசிரியை, ஒன்று தச்சுவேலை, ஒன்று ஓட்டோ, ஒன்றில் கணவனை இழந்த அம்மா அரசின் அஸ்வெசும உதவிக் கொடுப்பனவிலும் வாராந்தக் கடனிலும் ஓட்டுகிறார். இலங்கையில் 2024இல் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. 2019இல் அது பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் ஒழுங்கையால் நடந்தால் இது தெரியாது. ஏழு வீட்டு மதில்களும் அவ்வளவு உயரம்.

வங்கிக்கு வெளியே காசு அனுப்புகிற உண்டியலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், நீயும் அதில் அனுப்பினவன்தானே. ஸ்காபரோவில் ஒரு கடையில் நீ டொலரைக் கொடுக்கிறாய். ஒரு மணித்தியாலத்தில் இங்கே ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து, ஐயாயிரம் ரூபாத் தாள் கட்டை ஷொப்பிங் பையோடு தந்துவிட்டுப் போகிறான். கையெழுத்தும் இல்லை, கட்டணமும் இல்லை. உன் டொலர் இலங்கைக்கு வரவேயில்லை. அது அங்கேயே நின்று, கொழும்பில் யாரோ ஒரு வியாபாரி விலையைக் குறைத்துக் காட்டி இறக்கிய சாமானுக்கோ, களவாக வந்த தங்கத்துக்கோ காசாகப் போனது. 2021 கடைசியில் வங்கியில் டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியல்காரன் அதைவிட எத்தனையோ ரூபா கூடத் தந்தான். வங்கி வழியே அனுப்பினால் ஒரு டொலருக்கு மேலதிகமாக 10 ரூபா தருகிறோம் என்று மத்திய வங்கி கெஞ்சிப் பார்த்தது. பத்து ரூபாவுக்கு யார் அசைவார்கள்? 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புக் காசு 2021இல் 550 கோடிக்கும், 2022இல் 380 கோடிக்கும் விழுந்தது.

"சிங்கள அரசாங்கத்துக்கு ஏன் டொலர் கொடுக்க வேண்டும்" என்று இதற்கு ஒரு அரசியல் நியாயமும் அப்போது உலாவியது. எனக்குச் சிரிப்பு வரும். அப்படிச் சொன்ன அண்ணை ஒருவர் மறு கிழமை கோண்டாவிலில் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் படுத்திருந்தார், தலையணையோடு. டொலர் இல்லாத நாட்டில் வரிசை எங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. ரூபாவைச் சந்தை விலைக்கு விட்டதும் உண்டியலின் இலாபம் சுருங்கியது, 2023இல் 600 கோடி, 2024இல் 660 கோடி என்று காசு வங்கி வழியே திரும்பியது. தேசபக்தி ஒரே வருடத்தில் வளர்ந்துவிடவில்லை, விலை சரியாக வந்தது.

தங்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டொலரை முடக்கிவிட்டன. அதைப் பார்த்த மற்ற நாடுகளுக்குக் குளிர் பிடித்தது. எங்கள் டொலரும் ஒரு நாள் இப்படி ஆகலாம் என்று சீனா, போலந்து, துருக்கி, இந்தியா என்று மத்திய வங்கிகள் தங்கம் வாங்கிக் குவித்தன. டிரம்பின் வரிச் சண்டையும் சேர, 2025 ஒக்ரோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. மொஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலான சண்டை சுன்னாகத்துக் கலியாண வீட்டில் தாலிக்கொடி பதினொரு பவுணா ஏழு பவுணா என்ற பேச்சாக வந்து நிற்கிறது.

அடைவில் இது இன்னொரு வேலையும் செய்தது. விலை ஏற ஏற, ஏற்கெனவே வைத்த நகைக்கு மேலதிகக் காசு எடுக்கலாம். பழைய துண்டை மூடி, அதே நகையைப் புது விலையில் மறுபடி வைப்பது. "நகை லொக்கருக்குள்ள இருந்தே குட்டி போடுது ஐயா" என்று ஒருவர் பகிடி விட்டார். குட்டி போட்டது கடன்தான். தீவகத்துப் பெண்ணும் அப்படி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கையில் காசோடு போனார். காப்பு அவர் கைக்குத் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் ஓய்வு பெற்றபோது அது உள்ளேதான் இருந்தது.

அமெரிக்க வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 ஏப்ரலில் இலங்கைச் சாமானுக்கு 44 வீதம் என்று டிரம்ப் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்கா எங்களிடம் வருடத்துக்கு வாங்குவது ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு, பெரும்பாலும் உடுப்பு. எங்களுக்கு விற்பது 37 கோடிக்கு. வித்தியாசத்தை 300ஆல் வகுத்தால் 88 வீதம், அதில் பாதி 44. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு. பிறகு 30 ஆகி, ஓகஸ்ட்டில் 20இல் வந்து நின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதில் நேரடி அடி குறைவு. கிளிநொச்சி, வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ் ஏறுகிற பெண்பிள்ளைகளுக்குத்தான் அந்த வகுத்தல் கணக்கு நித்திரையைக் கெடுத்தது. அவர்களும் ரூபாவில் உழைக்கிறவர்கள்.

தோட்டக்காரர் கதை இன்னும் சுவாரசியமானது. எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியை "சிறிமா காலம்" என்று பெருமூச்சு விடுவார்கள். 1970 முதல் 1977 வரை வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வராமல் தடுத்தார்கள். தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. இங்கே செம்மண் பொன்னாக விளைந்தது. விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் பெடியள் போய்க் காடு வெட்டி மிளகாய் போட்டார்கள். உன் அம்மப்பா இந்த வீட்டின் முன் விறாந்தையைக் கட்டியது 1975 மிளகாய்க் காசில். அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றிய தரப்படுத்தலைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. ஒரு கையால் தந்து மறு கையால் பறித்த காலம். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார், வெங்காய விலை விழுந்தது, மிளகாய்த் தோட்டம் பற்றையானது.

இன்று அந்தக் கதவின் சாவி கொழும்பில்கூட இல்லை. 2023 டிசெம்பரில் இந்திய அரசு தேர்தலை மனத்தில் வைத்துப் பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த கிழமையே இங்கே சந்தையில் வெங்காயம் தங்கமானது, எங்கள் சின்ன வெங்காயமும் கூடவே ஏறியது. நல்ல விலைக்கு விற்றவர்களும் உண்டு. 2024 மேயில் தடை நீங்கியது. அந்த விலையை நம்பிக் கடன் எடுத்து அடுத்த போகம் நட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஓர் அமைச்சர் தும்மினால் உரும்பிராயில் ஒருவனுக்குத் தடிமன். கொழும்பு இறக்குமதி வரியை ஏற்றி இறக்கி விளையாடுகிறது, அதுவும் அறுவடைக்குப் பிறகுதான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் 600 பேருக்கு மேல் கொன்று, மலையகத்தைச் சரித்து, வடக்கில் வயலையும் தோட்டத்தையும் மூழ்கடித்துவிட்டுப் போனது. நாணய நிதியத்திடம் அவசரக் கடன் என்று இன்னொரு 20 கோடி டொலர் வாங்கினோம். துண்டில் இன்னொரு வரி.

இப்ப வோட்டு.

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி நாடு முழுக்க 225இல் 159 ஆசனம் எடுத்தது. யாழ். மாவட்டத்தில் ஆறில் மூன்று. தெற்கை மையமாகக் கொண்ட ஒரு கட்சி இங்கே முதலாவதாக வந்தது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. வெளிநாட்டில் இருந்தவர்கள் "யாழ்ப்பாணம் தமிழ்த் தேசியத்தைக் கைவிட்டுவிட்டது" என்று துக்கம் கொண்டாடினார்கள். தெற்கில் சிலர் "இனப்பிரச்சினை முடிந்தது" என்று வெடி கொளுத்தினார்கள். இரண்டு பேரும் எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை.

நான் பார்த்தது இது. நாலு வீட்டில் மூன்று வீடு அந்தமுறை தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டது. ஏழு வீட்டில் ஒன்றோ இரண்டோ. ஓட்டோக்காரப் பெடியனிடம் கேட்டேன். "எங்கட ஆக்கள் தங்களுக்குள்ள அடிபடவே நேரம் காணாது மாமா, எண்ணெய் விலையை ஆர் கேக்கிறது?" என்றான். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு பிளந்து, ஒன்றாக இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மூன்று நாலு சின்னமாகிப் போட்டியிட்டால், ரூபாவில் உழைக்கிறவன் வேறு பக்கம் திரும்பத்தான் செய்வான். அவன் தன் உரிமையை விற்கவில்லை. மண்ணெண்ணெயும் உரிமைதான் என்று நினைத்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, இரண்டு சொட்டுப் பெற்றோலை ஊதிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எரிபொருளும் அரசியலும் வேறு வேறு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

சரி, பிறகு ஏன் மாறினார்கள்? 2025 வரவு செலவுத் திட்டத்தில் யாழ். நூலகத்துக்கு 10 கோடி, வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி, வடக்கு வீதிகளுக்கு 500 கோடி ரூபா என்று ஒதுக்கினார்கள். சனம் அதை மரியாதையோடுதான் கேட்டது. ஆனால் மார்ச் 28 திகதியிட்ட அரச வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர், அதில் யாழ். மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபிக்காவிட்டால் அரச காணி. இடப்பெயர்விலும் குண்டுவீச்சிலும் சுனாமியிலும் காணி உறுதியைத் தொலைத்த சனத்திடம், உரித்தாளர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருக்கும்போது, மூன்று மாதம். காணி என்ற சொல் வந்ததும் நாலு வீடும் ஏழு வீடும் ஒன்றாகிவிட்டன. மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசு திரும்பி எழுந்தது, யாழ். மாநகர சபையில் தேசிய மக்கள் சக்தி மூன்றாவது இடத்துக்குப் போனது. வர்த்தமானியை அரசு பிறகு வாபஸ் வாங்கியது. அந்தக் கோடையில் யாழ். நகருக்குப் பக்கத்துச் செம்மணிப் புதைகுழியில் தோண்டத் தோண்ட 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் போய் வீதி போட்டுத் தருகிறோம் என்று பேசுவது கஷ்டம்.

என் அபிப்பிராயம், இரண்டு தேர்தலிலும் சனம் ஒரே ஆள்தான், மாறவில்லை. நவம்பரில் வயிற்றைச் சொன்னார்கள், மேயில் காணியைச் சொன்னார்கள். ஒரே கட்சி இரண்டையும் கேட்டால் அதற்கே இரண்டு முறையும் போட்டிருப்பார்கள். எங்கள் தமிழ்க் கட்சிகள் மே முடிவைப் பார்த்துவிட்டுத் தாங்கள் திருந்த ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்ததுதான் எனக்குக் கவலை. மாகாண சபையையும் பார். 2013இல் தெரிவானது 2018 ஒக்ரோபரில் காலாவதியானது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. வெங்காயத்துக்குக் களஞ்சியம் கட்டுவதா, குளம் திருத்துவதா என்று இங்கே முடிவெடுக்க வேண்டிய சபை அது. அதைக் கேட்டு ஒரு பெரிய ஊர்வலம்கூட நான் காணவில்லை. வெளிநாட்டுக் காசு வருகிற ஊரில் மாகாண சபை இல்லாதது கையைக் கடிக்காது. நாலு வீட்டைத்தான் கடிக்கும், அவர்களுக்கு ஊர்வலம் போக நேரமில்லை.

கடைசியாகப் பக்கத்து வளவு. ஆறு பரப்புக் காணி, நல்ல தண்ணிக் கிணறு, மேற்குப் பக்கம் இரண்டு பலா. நோர்வேக்காரருடையது, உனக்கு அவரைத் தெரியும். விலையைக் கேட்டால் உனக்கு அங்கே பெரிதாகத் தெரியாது. முன்பள்ளி ஆசிரியை தன் முழுச் சம்பளத்தையும் சாப்பிடாமல் சேர்த்தாலும் ஓய்வு பெறுவதற்குள் ஒரு பரப்பு வாங்க ஏலாது. அந்த விலையை ஏற்றியது கொழும்பு இல்லை, நாங்கள்தான். டொலரில் கேட்டு டொலரில் விற்று, மதில் கட்டி, கேற்றுக்குப் பூட்டுப் போட்டு, பற்றை வளர விட்டிருக்கிற வளவுகளை இங்கிருந்து சந்தி வரைக்கும் எண்ணினேன், ஒன்பது.

சட்டத்தையும் தெரிந்துகொள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி விலைக்கு வாங்க முடியாது. நீ கனேடியப் பிரசை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் வாங்கலாம். எடுத்துவிட்டாயா? "அம்மம்மா பேரில் எழுதுவோம்" என்பாய். அம்மம்மாவுக்கு எண்பத்திநாலு. அவவுக்குப் பிறகு அது ஐந்து நாட்டில் இருக்கிற ஏழு உரித்தாளருக்குப் போகும். வழக்குக்குப் போன அப்படிப்பட்ட ஈடுகளை வங்கியில் எத்தனை பார்த்தேன் என்று கேட்காதே. உறுதியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, நோர்வேக்காரரின் தமையன் 1995 இடப்பெயர்வில் காணாமல் போனவர், அவருடைய பங்கு இன்னும் எழுதப்படவில்லை.

உன் பிள்ளைகள் போன கோடையில் வந்து நின்றபோது ஒன்று கவனித்தேன். அம்மம்மாவோடு அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பக்கத்து வளவு எது என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. அதில் அவர்கள் மேல் குறையில்லை. இந்த ஒழுங்கைக்குக் காசு அனுப்புகிற கடைசித் தலைமுறை நீதான் என்று எனக்குப் படுகிறது. அங்கே வட்டி ஏறி, மோட்கேஜைப் புதுப்பிக்க வேண்டி வந்த வருடம் நீ அனுப்பியது பாதியானது அல்லவா? கனடா மத்திய வங்கி 2023இல் வட்டியை 5 வீதத்துக்கு ஏற்றியதன் விளைவை நான் அம்மம்மாவின் மருந்துச் சிட்டையில் பார்த்தேன்.

ஆகவே வளவை வாங்க அவசரப்படாதே, உறுதி துப்புரவாகும்வரை ஒரு சதமும் கொடாதே. ஆனால் ஒரு விசயம் அவசரம். தச்சுவேலைக்காரரின் மகன், விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து நிற்கிறான், அந்த வளவைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கக் கேட்கிறான். இறைப்பு மிசின் இருக்கிறது, விதை வெங்காயத்துக்குத்தான் காசு இல்லை, தாயின் சங்கிலியை அடைவு வைக்கப் போகிறேன் என்றான். நான் கொஞ்சம் பொறு என்று மறித்து வைத்திருக்கிறேன். நோர்வேக்காரர் நான் சொன்னால் இழுத்தடிப்பார், நீ சொன்னால் கேட்பார். இந்த ஞாயிறுக்குள் அவரை அழைத்துப் பேசு. இலக்கம் அம்மம்மாவின் கொப்பியில் இருக்கிறது, வாசித்துச் சொல்லுவா.